1316ஆம் இலக்கச் சப்பாத்து

அவுஸ்திரேலியாவுக்குப் போய் வந்தவன் என்று தெரிந்தால் எல்லோரும் கங்காருவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பார்த்தது ஒரேயொரு கங்காரு. அது தெருவோரம் செத்துக் கிடந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆகவே சப்பாத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நெல்லைக் களஞ்சியப்படுத்தும் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தேன். தானியத்தை எலியும் அந்துப்பூச்சியும் தின்னாமல் காப்பது எப்படி என்று படித்து வர ஆறு கிழமைக்கு என்னை அனுப்பினார்கள். செருப்போடு போய் நாட்டின் மானத்தை வாங்கிவிடாதே என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். கோட்டு ஒருவரிடம் இரவல் கிடைத்தது. சப்பாத்துத்தான் பெரும்பாடு. இறக்குமதி எல்லாம் நின்றுபோன காலம். கடைகளில் றப்பர் செருப்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

அக்காவின் கணவர் செல்லத்துரை அத்தானிடம் ஒரு சோடி இருந்தது. அவர் யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்டத்தை நிர்வகிக்கும் அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பதிவறைக் கிளாக்கர். முதல் நியமனம் கிடைத்தபோது, அப்போதைய வெள்ளைக்கார அதிபரின் காலைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி கையால் தைப்பித்த சப்பாத்து அது. முப்பத்திரண்டு வருடத்தில் மூன்று தரம் போட்டிருக்கிறார். மிச்ச நாளெல்லாம் அலுமாரிக்கு மேலே ஒரு மட்டைப்பெட்டியில் இருந்தது. நான்காவது தரத்துக்கு நாள் குறித்தாயிற்று. அடுத்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு, கச்சேரியில் பிரியாவிடை, அதிபருக்குப் பக்கத்தில் கதிரை போட்டுப் படம் எடுப்பார்கள்.

"கொண்டு போ தம்பி. முப்பதாந் திகதிக்கு முதல் கொண்டு வந்திடு. அண்டைக்கு எனக்கு வேணும்" என்றார்.

என்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் அவர். தனக்கு ஒரு பொருள் வேணும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆகவே அந்தத் திகதியை டயரியில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

சப்பாத்து எனக்கு ஓர் அளவு பெரிது. அக்கா தமிழ்ப் பேப்பரைக் கசக்கி நுனியில் அடைத்துத் தந்தார்.

முதல் இரண்டு நாளும் சிட்னி. துறைமுகத்தில் புதிதாக ஒரு பாட்டு மண்டபம் கட்டியிருந்தார்கள். அதைப் பார்க்க உலகமே வருகிறதாம். நானும் போனேன். படிகள் அதிகம் என்பதால் சப்பாத்தைப் பார்த்தபடியே ஏறி, சப்பாத்தைப் பார்த்தபடியே இறங்கினேன். திரும்பும்போது படகில் பக்கத்தில் இருந்த கிழவர் கேட்டார்:

"எதையாவது தொலைத்துவிட்டீரா?"

"இல்லை. தொலைக்காமல் பார்க்கிறேன்" என்றேன். அவர் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார்.

பிறகு மெல்பேர்ண். என்னோடு படித்த குலசிங்கம் கிளேட்டனில் இருந்தான். பொறியியலாளன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழர் என்று சொல்ல இரண்டு குடும்பம், அதில் ஒன்றோடு அவன் கதைப்பதில்லை. அவன் மனைவி பவானி கோதுமை மாவில் புட்டு அவித்து வைத்தார்.

"தேங்காய்ப்பூ இஞ்சை காய்ஞ்சதுதான் பைக்கற்றிலை வருது அண்ணை. தேங்காய் எண்டு நினைச்சுச் சாப்பிடுங்கோ" என்றார்.

நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஐந்து கிழமையும் நினைப்பிலேயே போயிற்று. அவர்களுடைய மகளுக்கு ஆறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை.

வகுப்புகளைப் பற்றி எழுதினால் யாரும் படிக்கமாட்டீர்கள். கடைசிக் கிழமை, கோதுமைச் சேமிப்பை நேரில் பார்க்கும்படி மிர்ராபின் என்ற ஊருக்கு என்னைத் தனியே அனுப்பினார்கள். சமவெளியில் பல மணி நேரம் ஓடும் ரயில். அந்த ரயில் நடுவழியில் ஒரு சந்தியில் இரண்டாகப் பிரியும் என்றும், முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறு ஊருக்கும் போகும் என்றும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் முன்பாதியில் நித்திரை கொண்டேன்.

கண் விழித்தபோது இருந்த இடத்தில் ஒரு மேடையும் ஒரு தண்ணீர்த் தாங்கியும்தான் இருந்தன. பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோகும் வான்காரர் ஒருவர் என்னை ஏற்றிக்கொண்டார். வழியில் ஒரு பேஸ்ற்றியை, மாவுக்குள் எதையோ பொதிந்து சுட்ட பண்டம் ஒன்றை, எடுத்துத் தந்தார்.

"உள்ளே என்ன?" என்று கேட்டேன்.

"இறைச்சி."

"எதனுடைய இறைச்சி?"

அவர் அரை மைல் தூரம் யோசித்தார். "உறுதியாகச் சொல்லமாட்டேன்" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு மரக்கறி. அவரே உறுதியாகச் சொல்லாத ஒன்றைச் சாப்பிட்டால் விரதம் முறியுமா என்று நானும் யோசித்தேன். அதற்குள் ஊர் வந்துவிட்டது. வந்துவிட்டது என்றால், கோதுமைக் களஞ்சியத்தின் கோபுரம் கண்ணில் பட்டது. அதன்பிறகு முக்கால் மணி நேரம் ஓடியபின் ஊர் வந்தது. அப்படி ஒரு தட்டை. யாழ்ப்பாணமும் தட்டைதான். ஆனால் எங்களிடம் பனையும் வேலியும் இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை. மண் மட்டும் எங்கள் சுன்னாகத்துச் செம்மண் மாதிரியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் அழுகையும் வந்தது.

சனிக்கிழமை களஞ்சியம் பார்த்தேன். எங்களூர் எலிக்கும் அங்கத்து எலிக்கும் குணத்தில் வித்தியாசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ண் பஸ் மாலை நாலரைக்கு. அதற்கு முதல் என்ன செய்வது என்று விடுதிக்காரியிடம் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை இங்கே திறந்திருப்பது ஒன்றுதான். பழைய வீடு. இரண்டு முதல் நாலு" என்றாள்.

பழைய வீடு என்பது அந்த ஊரை உண்டாக்கிய குடும்பத்தின் வீடு. ஊர்ச் சங்கம் ஒன்று அதைப் பழஞ்சாமான் காட்டும் நூதனசாலை ஆக்கி வைத்திருந்தது. தகரக் கூரை, சுற்றிவர விறாந்தை, வாசலருகே ஆட்கள் இருக்க ஒரு நீள மர வாங்கு. கதவு திறந்திருந்தது. உள்ளே பாய் விரித்த மாதிரிக் கம்பளம், எதிர்ச் சுவரில் செத்துப்போனவரின் பெரிய படம், படத்தைச் சுற்றிக் காய்ந்த கோதுமைக் கதிரில் ஒரு மாலை. இப்படி ஒரு வாசலைக் கண்டால் எங்களுடைய கை தானாக என்ன செய்யும்? சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, அந்த வாங்கில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனேன். இரவல் பொருள் என்பதால்தான் வாங்கில் வைத்தேன். என்னுடையது என்றால் நிலத்தில் விட்டிருப்பேன். அதை இன்றைக்கும் நினைத்து நொந்துகொள்கிறேன்.

உள்ளே என்னை வரவேற்றவர் சங்கத் தலைவி திருமதி தெல்மா. எழுபது வயதிருக்கும், நீலச் சட்டை, கையில் ஒரு நீண்ட தடி. என் காலுறையைப் பார்த்தார். ஒருவேளை எங்கள் நாட்டில் எல்லோரும் காலுறையோடுதான் ஊர் சுற்றுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

தடியால் காட்டிக் காட்டி ஊரின் கதையைச் சொன்னார். ஊர் முதலில் இங்கே இருக்கவில்லையாம். ஆறு மைல் கிழக்கே இருந்ததாம். ரயில் பாதை அங்கே வராமல் இங்கே வந்துவிட்டது. ரயிலை நகர்த்த முடியாது என்பதால் ஊரை நகர்த்தினார்கள். இந்த வீட்டையும் வாளால் இரண்டாக அறுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து பொருத்தினார்கள். வரவேற்பறைத் தரையில் அந்தப் பொருத்து இன்னும் தெரிகிறது. தெல்மா அதை மிதிக்காமல் கடந்தார். நானும் மிதிக்கவில்லை.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சோடி பழைய பூட்ஸ் இருந்தது. அடியில் மண் காய்ந்து இறுகியிருந்தது.

"படத்தில் இருக்கும் முதலாளியுடைய பூட்ஸ். மண்ணைத் துடைக்கவே இல்லை. துடைக்க விடவும் மாட்டேன். அது பழைய ஊரின் மண். அந்த ஊரில் மிஞ்சியது அவ்வளவுதான்" என்றார் தெல்மா.

அதற்குப் பிறகு தேத்தண்ணியும், வெண்ணெயும் ஜாமும் பூசிய ஒரு பணியாரமும் தந்தார். அவருடைய கையால் சுட்டது. நல்ல மனுசி. மூன்று சாப்பிட்டேன்.

மூன்றரைக்கு விறாந்தைக்கு வந்தேன். வாங்கு வெறுமையாக இருந்தது.

பக்கத்து அறையில் மேசைக்கு முன்னால் ஒரு கிழவர் குனிந்திருந்தார். நோர்மன், சங்கத்தின் பதிவாளர், ஒரு காலத்தில் கோதுமைக்காரர். மேசையில் அத்தானின் சப்பாத்து. நோர்மன் ஒரு மெல்லிய தூரிகையால் இடது சப்பாத்தின் குதியில் வெள்ளை மையினால் இலக்கம் எழுதி முடித்து, அதன்மேல் வார்னிஷ் தடவிக்கொண்டிருந்தார். வலதில் ஏற்கெனவே காய்ந்துவிட்டது. 1316.

விசயம் இதுதான். அந்த ஊரில் யாராவது பழைய சாமான் கொடுக்க நினைத்தால், கதவைத் தட்டி ஆரவாரம் பண்ணுவதில்லை. அந்த வாங்கில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதுதான் வழக்கம். நோர்மன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, வாங்கில் இருப்பதை எடுத்து, இலக்கம் போட்டு, பதிவேட்டில் எழுதிவிடுவார். என்னுடையதையும் எழுதியிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன்: 'ஆண்களுக்கான சப்பாத்து, ஒரு சோடி. கையால் தைத்தது. அநேகமாக முதற் குடியேற்றக் காலம். நுனியில் புரியாத எழுத்தில் பேப்பர் அடைத்துள்ளது. சீன எழுத்தாக இருக்கலாம். நிலை: மிக நன்று.'

"அது என்னுடைய சப்பாத்து" என்றேன்.

நோர்மன் என் காலுறையைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். "மையால் எழுதிவிட்டேனே" என்றார்.

தெல்மா வந்தார். விளக்கம் கேட்டார். என்மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை என்று மூன்று தரம் சொன்னார். பிறகு சட்டத்தைச் சொன்னார்.

"போன வருடம் ஒரு மணிக்கூடு வந்தது. ஒருவர் வந்து, தவறுதலாக வைத்துவிட்டேன், என்னுடையது என்றார். கொடுத்தோம். அடுத்த கிழமை வேறு இரண்டு பேர் வந்து அதே மணிக்கூட்டைக் கேட்டார்கள். இப்போது மூன்று குடும்பமும் எங்களோடு பேசுவதில்லை. அதற்குப் பிறகு சட்டம் போட்டோம். பதிவேட்டில் ஏறியதைச் சங்கத்தின் முழுக்கூட்டம்தான் இறக்கலாம்."

"கூட்டம் எப்போது?"

"மாதத்தின் கடைசிச் செவ்வாய்."

எனக்கு விமானம் புதன்கிழமை. கடைசிச் செவ்வாய்க்கு இன்னும் பதினாறு நாள். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். அத்தானின் கதையைச் சொன்னேன். முப்பத்திரண்டு வருடம், மூன்று தரம், முப்பதாந் திகதி எல்லாம் சொன்னேன். நோர்மனின் கண் கலங்கிவிட்டது. ஆனால் பதிவேட்டில் கை வைக்க அவர் துணியவில்லை. நான் கோபப்பட்டிருக்கவேண்டும். முடியவில்லை. கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டு அவர் இருந்த விதம் அசல் அத்தான்.

கடைசியில் தெல்மாதான் வழி கண்டுபிடித்தார். இறக்க முடியாது; ஆனால் இரவல் கொடுக்கலாம். வேறு நூதனசாலைகளுக்குப் பொருள் இரவல் கொடுக்க அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது. இரவல் பெறுபவர்: செல்லத்துரை, யாழ்ப்பாணம். அவருக்காக நான் கையெழுத்துப் போட்டேன். வருடம் ஒரு முறை பொருளின் நிலை பற்றி அறிக்கை அனுப்பவேண்டும். அதற்கும் வெற்றுப் படிவங்கள் தந்தார். நாலாம் பிரிவை விரலால் தொட்டுக் காட்டினார்: இரவல் பெற்ற பொருளை அதன் பழைய தேவைக்குப் பயன்படுத்தலாகாது.

"அதாவது போடக்கூடாது" என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

யாழ்ப்பாணத்தில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன். அத்தானை மறந்துவிட்டேன்.

வார்னிஷ் காயாததால் சப்பாத்தைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கட்டினார்கள். நோர்மன் தன்னுடைய கட்டம்போட்ட வீட்டுச் செருப்பைக் கழற்றி எனக்குத் தந்துவிட்டு, காலுறையோடு வாசல்வரை வந்து வழியனுப்பினார். மெல்பேர்ண் பஸ்ஸில் ஒருவரும் என் காலைப் பார்க்கவில்லை. அந்த நாட்டில் இறங்கிய பிறகு முதல் தடவையாக நானும் பார்க்கவில்லை. நிமிர்ந்து யன்னலுக்கு வெளியே பார்த்தபோதுதான் அந்தக் கங்காரு தெரிந்தது.

திணைக்களத்தின் மானத்தைக் காக்க, மிச்ச இரண்டு நாளும் குலசிங்கம் தன் சப்பாத்தைத் தந்தான். அது ஓர் அளவு சிறிது.

பிரியாவிடைக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு, சிரிக்கச் சொல்லும் கதையாக நடந்ததைச் சொன்னேன். அக்கா சிரித்தார். அத்தான் படிவத்தை வாங்கிக்கொண்டு யன்னலடிக்குப் போனார். முன்னும் பின்னும் வாசித்தார்.

"நாலாம் பிரிவை வாசிச்சனியோ?"

"ஓம், வாசிச்சனான்."

"வாசிச்சிட்டுத்தானே கையெழுத்துப் போட்டனி?"

"ஓம்."

"பிறகென்ன."

பெட்டியை மூடி அலுமாரிக்கு மேலே வைத்தார்.

"அத்தான், அது உங்கடை சப்பாத்து" என்றேன்.

"எனக்குத் தெரியும். கடதாசியிலை அது அவையின்ரை." பிறகு சொன்னார்: "முப்பத்திரண்டு வருசம் கடதாசியிலை ஒரு பிழை எண்டு சொல்லிச் சனத்தை வெறுங்கையோடை திருப்பி அனுப்பினனான் தம்பி. காணி உறுதி கேட்டு வந்தவையும் இருக்கினம், பென்சனுக்கு அலைஞ்சவையும் இருக்கினம். இப்ப எனக்கெண்டு வரேக்கை கண்ணை மூடுறதோ?"

அன்றைக்கே அவர் மிர்ராபினுக்கு ஒரு விமானக் கடிதம் எழுதினார். நாலாம் பிரிவிலிருந்து ஒரே ஒரு நாளைக்கு விலக்குத் தரும்படி, இரவல் பெற்றவர் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறார். தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் தினமும் படலையில் நின்றேன். இருபத்தைந்தாந் திகதி வந்தது. இருபத்தெட்டும் வந்தது. கடிதம் வரவில்லை.

முப்பதாந் திகதி அத்தான் வேட்டி, சால்வை, வழக்கமான செருப்போடு பிரியாவிடைக்குப் போனார். வேறு சப்பாத்து இரவல் வாங்கித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அந்தப் படம் இப்போதும் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. முன் வரிசையில் எல்லோரும் காலை நீட்டி இருக்கிறார்கள். அத்தான் மட்டும் இரண்டு காலையும் கதிரைக்கு அடியில் இழுத்து வைத்திருக்கிறார். என்னால் அந்தப் படத்தை நேரே பார்க்க முடிவதில்லை. மூன்று பணியாரம் சாப்பிட்ட நேரத்தில் விறாந்தையை ஒருதரம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

கடிதம் ஆறு நாள் கழித்து வந்தது. தெல்மாவின் கையெழுத்து. அவர்கள் கடைசிச் செவ்வாயில் கூடியிருக்கிறார்கள். அத்தானின் கடிதம் அதற்கு மறுநாள் கிடைத்திருக்கிறது. உடனே விசேஷக் கூட்டம் கூட்டினார்களாம். சங்க வரலாற்றில் அதுதான் முதலாவது விசேஷக் கூட்டமாம். ஒருமனதான தீர்மானம்: திரு. செல்லத்துரையைப் பொறுத்தவரை நாலாம் பிரிவு எந்நாளைக்கும் செல்லாது. தயவுசெய்து போடுங்கள். நோர்மன் அன்பு சொல்லச் சொன்னார்.

அத்தான் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். துளையிட்டு ஒரு கோப்பில் போட்டார். நன்றிக் கடிதம் எழுதி உறையை ஒட்டினார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கினார்.

"எங்கையப்பா வெளிக்கிடுறியள்?" என்றார் அக்கா.

"தபால் கந்தோருக்கு. போட்டு வாறன்."

வேட்டிக்குக் கீழே சப்பாத்து. ஒழுங்கையில் மழை பெய்து ஈரம் காயவில்லை. படலையில் நின்று பார்த்தேன். கோவிலடி தாண்டும்வரை இரண்டு குதியிலும் வெள்ளை இலக்கம் மாறி மாறித் தெரிந்தது. தபால் கந்தோர் கால் மைல். அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வந்தவர் வாசலில் நிற்கவில்லை. அந்த வீட்டில் சப்பாத்தோடு யாரும் உள்ளே போய் நான் கண்டதில்லை. நேரே மேசைக்குப் போனார். அக்கா ஒரு துணியோடு ஓடிவந்தார்.

"உந்த மண்ணைத் துடைக்கக்கூடாது. தம்பி சொன்னவனெல்லே" என்றார் அத்தான். வருட அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்துப் பேனையைத் திறந்தார். அறிக்கை அனுப்ப இன்னும் பத்து மாதத்துக்கு மேல் இருந்தது.

"உதையும் இப்ப கொண்டு போன கடிதத்தோடை போட்டிருக்கலாமே" என்றார் அக்கா.

"அது வேறை, இது வேறை. இதைப் போட நாளைக்குப் போகவேணும்."

பொருளின் நிலை என்ற இடத்தில், நன்று, அடியில் செம்மண், என்று எழுதினார். பொருள் தற்போது வைக்கப்பட்டுள்ள இடம் என்று ஒரு கேள்வி இருந்தது. குனிந்து மேசைக்கு அடியில் ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, தெளிவான எழுத்தில் எழுதினார்: என் காலில்.